குடியை நிறுத்திய பிறகு: உடம்பைத் தேற்றுவதும் ஆட்களைச் சேர்த்துக்கொள்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுவை நிறுத்த நினைப்பவர்களும், நிறுத்திச் சில நாளோ சில மாதமோ ஆனவர்களும், அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் மதுவைப் பற்றியவைதான். வேறு போதைப் பொருளுக்கு விஷயம் மாறும் இடத்தை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். குடிநோய் ஒரு நோய். அதை மானப் பிரச்சினையாக்கி மறைத்து வைத்ததால் வைத்தியம் தள்ளிப்போய் எத்தனையோ பேரை இழந்திருக்கிறோம். அந்த வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

நாளைக்கே நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். வீட்டிலேயே, நானாகவே நிறுத்தலாமா?

எவ்வளவு குடிக்கிறீர்கள், எத்தனை காலமாக என்பதைப் பொறுத்தது. எப்போதாவது குடிப்பவர் நிறுத்தினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுக்கத்தை அடக்க ஒரு வாய் ஊற்றிக்கொள்பவர், திடீரென்று அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். அந்த மந்தத்தை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கூட்டிப் பழகியிருக்கும். மது சட்டென்று நின்றதும் அந்த வேகம் மட்டும் கட்டுப்பாடில்லாமல் மிஞ்சும். நடுக்கம், படபடப்பு, வலிப்பு எல்லாம் அதிலிருந்து வருபவை.

கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரக்கூடியது இதைவிட மோசமானது. மருத்துவர்கள் அதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். நோயாளி இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார். மனைவியைப் பார்த்து யார் நீ என்பார். காய்ச்சல் அடிக்கும், இதயம் தறிகெட்டு ஓடும். யாரோ என்னவோ செய்துவிட்டார்கள் என்று நினைத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்திருந்தால், கல்லீரல் அல்லது இதய நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், தூக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியிருந்தால், வயது அறுபதைத் தாண்டியிருந்தால், வீட்டில் கூட இருக்க ஆள் இல்லையென்றால், மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். இவற்றில் எதுவும் இல்லாமல் தினமும் நிறையக் குடிப்பவராக மட்டும் இருந்தாலும், முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவரைப் பார்க்கும்வரை அவசரப்பட்டு அடியோடு நிறுத்த வேண்டாம். அந்தச் சந்திப்பை நாளைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

“போன தடவை ஒன்றும் ஆகவில்லையே” என்ற கணக்கை நம்பாதீர்கள். நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அறிகுறிகள் முன்னைவிடக் கடுமையாக வரலாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

வழக்கமாக 5 முதல் 7 நாள் வைத்தியம். டயஸிபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைடு மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம் கொடுப்பதுண்டு. எந்த அளவில் தொடங்குவது என்பதை நீங்கள் சொல்லும் குடியின் அளவை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வீட்டார் பக்கத்தில் இருக்கிறார்களே என்று பாதியாகக் குறைத்துச் சொன்னால் மருந்தும் பாதியாகிவிடும், இரவில் வலிப்பு வரும். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். நெடுநாள் குடித்தவர் குடலில் அது சரியாக உறிஞ்சப்படாது. மாத்திரை மட்டும் போதாமல் போகும். தயமின் வறண்ட உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவது, கண் பார்வை நிலைகொள்ளாமல் அலைவது, மனம் குழம்புவது இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். குடிக்காதபோதே ஒருவர் இப்படித் தள்ளாடினால் “இன்னும் போதை தெளியவில்லை” என்று விட்டுவிடாதீர்கள். நேரத்தோடு ஊசி போட்டால் சரியாக வாய்ப்புண்டு. தாமதமானால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடலாம்.

கொடுக்கும் மயக்க மாத்திரைகளும் பழக்கமாகிவிடக் கூடியவை. மருத்துவர் சொன்ன நாளோடு அவை முடிந்துவிட வேண்டும். மீந்ததை அலமாரியில் பத்திரப்படுத்தாதீர்கள்.

ஒரு மாதம் ஆகிவிட்டது. நடுக்கம் போய்விட்டது. ஆனால் தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. நிறுத்தியது தப்போ?

தப்பில்லை. உடம்பிலிருந்து மது போக ஒரு வாரம் போதும். மூளை பழைய நிதானத்துக்குத் திரும்பப் பல மாதம் பிடிக்கும். நல்ல சேதியைக் கேட்டால்கூட உள்ளே ஒன்றும் அசையாதது போன்ற வெறுமை, படித்த வரியையே மறுபடி படிப்பது, சின்ன விஷயத்துக்குக் கண் கலங்குவது எல்லாம் இந்தக் காலத்தில் சகஜம். அலை அலையாக வரும். நான்கு நாள் நன்றாக இருந்து ஐந்தாம் நாள் கவிழ்க்கும். போகப்போக அலைகளுக்கு நடுவே இடைவெளி கூடும்.

தூக்கம்தான் கடைசியாகச் சரியாவது. மது சீக்கிரம் தூங்க வைத்தாலும் கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைத்திருக்கும். நிறுத்தியதும் அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். குடிப்பது போலவே கனவு வந்து, நெஞ்சு அடித்துக்கொள்ள எழுந்து, வாயை முகர்ந்து பார்ப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கனவு நீங்கள் உள்ளுக்குள் ஏங்குவதற்கான சாட்சி இல்லை. காலையில் அதை யாரிடமாவது சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கும்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். மதியத்துக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம். படுத்து 20 நிமிடம் ஆகியும் தூக்கம் பிடிக்கவில்லையென்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு மாத்திரைக் கடைக்குப் போய்த் தூக்க மாத்திரை கேட்பதுதான் இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு. ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றில் விழுவதற்கு அதுவே வழி. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் இறங்காமல் நின்றாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மனச்சோர்வுக்குத் தனி மருந்து உண்டு. அவை போதை தருபவை அல்ல.

குடிக்கும் ஆசை திடீரென்று தலைக்கேறுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். பலர் தோற்றுப்போகும் இடம் இதுதான்.

ஆசை ஏறிக்கொண்டே போய், குடித்தால்தான் நிற்கும் என்று அந்த நேரத்தில் தோன்றும். உண்மையில் அது ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கிவிடும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதை அலைக்கு ஒப்பிட்டார். எதிர்த்து நின்றால் கவிழ்க்கும், அதன் மேலேயே மிதந்தால் கரையில் கொண்டுவந்து விடும்.

சாயங்காலம் ஆறரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வருகிறீர்கள். வாயில் நீர் ஊறுகிறது, கால் தானாகப் பழைய பக்கம் திரும்புகிறது. முதலில் மணியைப் பாருங்கள். “ஏழு மணி வரைக்கும் குடிக்க மாட்டேன்” என்று அரை மணி நேரத்துக்கு மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆயுளுக்கும் சத்தியம் செய்யப் போனால் மனம் மிரண்டு எதிர்க்கும். இரண்டாவது, நிற்கும் இடத்தை விட்டு நகருங்கள். எதிர்த் திசையில் நடந்தால் போதும். மூன்றாவது, போனை எடுத்து ஒருவரைக் கூப்பிடுங்கள். பேசுவதற்கு விஷயம் வேண்டாம். “ஆசை வருது, அதான் கூப்பிட்டேன்” என்பது முழுமையான ஒரு வாக்கியம். நான்காவது, எதையாவது சாப்பிடுங்கள். வயிறு நிரம்பிய நேரத்தில் ஆசை பாதி பலம் இழந்துவிடும். கடைசியாக உடம்பைக் கவனியுங்கள். ஆசை எங்கே தெரிகிறது? தொண்டையிலா, நெஞ்சிலா, விரல் நுனியிலா? அதைத் துரத்தாமல் பார்த்துக்கொண்டு மூச்சை மெதுவாக விடுங்கள். மறுபடி மணியைப் பார்க்கும்போது முள் ஏழைத் தொட்டிருக்கும்.

பசி, கோபம், தனிமை, களைப்பு: இந்த நான்கில் ஒன்று இருக்கிறதா என்று அப்போது கேட்டுப் பாருங்கள். குடிக்கத் தோன்றுகிறது என்று நினைத்தது பல நாள் வெறும் பசியாக இருக்கும்.

போன் நம்பர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் ஒருவரை முதல்முறையாகக் கூப்பிடக் கை வராது. அதனால் நல்லாயிருக்கும் நாட்களிலேயே தினம் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசிப் பழகுங்கள். ஐந்து பேர் நம்பரை ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவர். போன் சார்ஜ் தீர்ந்திருக்கும் நாளும் வரும், சீட்டு அப்போது உதவும்.

முதல் மூன்று மாதத்துக்கு வீட்டிலும் வெளியிலும் என்ன ஏற்பாடு செய்துகொள்வது?

வீட்டில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. விருந்தாளிக்கென்று வைத்ததும் சேர்த்துத்தான். கட்டிலுக்கடியில், வண்டிப் பெட்டியில், குளியலறை மேலே ஒளித்து வைத்தது உங்களுக்கு மட்டுமே தெரியும்; நீங்களே எடுத்து இன்னொருவர் முன்னால் கொட்டுங்கள். குடிக்க வைத்திருந்த கிளாஸையும் அப்புறப்படுத்துங்கள். வீட்டுக்கு வரும் வழியை மாற்றுங்கள். சம்பள நாளில் பணத்தை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். இதில் அவமானம் ஒன்றும் இல்லை, மூன்று மாதத்துக்குத்தானே. சில இருமல் மருந்துகளிலும் வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் ஆல்கஹால் உண்டு. சீட்டைப் படித்து வாங்குங்கள்.

விருந்துக்குப் போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். போகத்தான் வேண்டுமென்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரச் சொந்த ஏற்பாடு இருக்கட்டும். கையில் எப்போதும் ஒரு குளிர்பானமோ தண்ணீரோ இருந்தால் யாரும் ஊற்ற வர மாட்டார்கள். “ஒண்ணே ஒண்ணு” என்று வற்புறுத்துபவருக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். “இல்லண்ணே, நான் விட்டுட்டேன்” என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் அந்தக் காரணத்தோடு அவர் வாதாட ஆரம்பிப்பார்.

ஆல்கஹால் இல்லாத பீர் குடிக்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அப்படி விற்பவற்றில் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். அதைவிட அந்த வாசனையும் நுரையும் கிளாஸைப் பிடிக்கும் விதமும் பழைய பாதையைத் தட்டியெழுப்பும்.

உடம்பு தேற என்ன சாப்பிட வேண்டும்?

குடித்த காலத்தில் உணவில் பாதி இடத்தை மதுவே பிடித்திருக்கும். அதில் கலோரி உண்டு, சத்து கிடையாது. தயமின், ஃபோலேட், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் வறண்டிருக்கும். மருத்துவர் எழுதிய தயமின் மாத்திரையை, பெரும்பாலும் தினம் 100 மில்லிகிராம், அவர் சொன்ன காலம் முழுக்கச் சாப்பிடுங்கள். உடம்பு தெம்பானதும் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு.

மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுவது முக்கியம். பாதிக்கப்பட்ட கல்லீரலால் சர்க்கரையைச் சேர்த்து வைத்து வேண்டியபோது வெளிவிட முடியாது. நேரம் தப்பினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, நடுக்கமும் எரிச்சலும் வந்து, அதுவும் குடிக்கும் ஆசை போலவே தோன்றும். இரவு படுக்கும் முன் சிறிது சாப்பிடுவதும் இதனால்தான் நல்லது.

கல்லீரல் கெட்டவர் புரதம் சாப்பிடக் கூடாது என்று ஒரு பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மதுவால் கல்லீரல் கெட்டவருக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நெறி. 60 கிலோ எடைக்கு 72 முதல் 90 கிராம். முட்டை, பருப்பு, பயறு, பால், மீன் எதிலிருந்தும் வரலாம்.

இனிப்பின் மேல் வெறி வரும். முதல் இரண்டு மூன்று மாதம் அதோடு சண்டை போடாதீர்கள். நீரிழிவு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மிகவும் மெலிந்து, பல நாள் சாப்பாடே இல்லாமல் கிடந்தவருக்கு எடுத்த எடுப்பில் வயிறு முட்ட ஊட்டுவது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் திடீரென்று இறங்கி இதயம் தடுமாறலாம். அவருக்கு மருத்துவமனையில் கண்காணிப்போடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

கல்லீரல் எப்போது சரியாகும்?

கொழுப்பு படிந்த நிலை மட்டும் என்றால் மதுவை விட்ட சில வாரங்களிலேயே வடியத் தொடங்கும். ஜிஜிடி என்ற ரத்தப் பரிசோதனை அளவு ஏறத்தாழ இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒன்றிரண்டு மாதத்தில் இறங்கியிருப்பதைத் தாளில் பார்க்கலாம். சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எம்சிவி என்ற அளவு சரியாக மட்டும் மூன்று நான்கு மாதம் எடுக்கும், ஏனென்றால் ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். முதல் பரிசோதனைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்றாம் மாதத் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பலருக்குப் பெரிய தெம்பு. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போன தழும்பு முழுவதும் மறைவது அரிது. ஆனால் அந்த நிலையிலும் மதுவை விடுவதே ஆயுளை நீட்டிக்கும் முதல் மருந்து.

கண் மஞ்சளாவது, வயிறு வீங்குவது, கறுப்பு மலம், ரத்த வாந்தி, பகலில் தூங்கி இரவில் குழம்பிப் பேசுவது: இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். கல்லீரல் பாதித்தவர் தலைவலிக்குப் பாராசிட்டமால் போடுவதானால் நாளுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் பொடிகளையும் சாறுகளையும் தொடாதீர்கள். சிலவற்றால் கல்லீரலே கெட்டிருக்கிறது.

கால் எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் அது நரம்பு பாதிப்பு. பல மாதங்களில், மிக மெதுவாகத்தான் தேறும். அதுவரை பாதத்தை தினமும் பாருங்கள், புண் இருந்தாலும் வலி தெரியாது.

உடற்பயிற்சி?

பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். மூன்று மாதத்தில் வாரத்துக்கு 150 நிமிடத்தை எட்டினால் போதும். ஆசை வரும் நேரமாகப் பார்த்து நடையை வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் நடக்கும்.

ஆசையைக் குறைக்க மாத்திரை இருக்கிறதாமே? அதைச் சாப்பிட்டால் உண்மையான தெளிவு இல்லை என்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுவது போலத்தான் இதுவும். மூன்று மருந்துகள் அதிகம் பயன்படுகின்றன.

நால்ட்ரெக்சோன், வழக்கமாக தினம் 50 மில்லிகிராம், குடியில் கிடைக்கும் கிளர்ச்சியை மங்க வைக்கும். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவருக்கு இது ஆகாது. அவற்றை நிறுத்தி 7 முதல் 10 நாள் ஆகியிருக்க வேண்டும். அகாம்ப்ரோசேட், 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக நாளுக்கு மூன்று வேளை. இது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கல்லீரல் பழுதானவருக்கும் கொடுக்கலாம், சிறுநீரகம் பழுதானவருக்குத்தான் யோசிக்க வேண்டும். மூன்றாவது டைசல்ஃபிராம். இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அதன் வேலை உடம்பில் இருக்கலாம்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். டைசல்ஃபிராமைச் சாப்பாட்டில் கலந்து அவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். அன்று அவர் வழக்கம்போல் குடித்தால் உயிர் போகலாம். பெயர் போடாத “குடியை மறக்கடிக்கும்” பொடிகளுக்கும் இதே எச்சரிக்கை.

கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே என்னதான் நடக்கும்?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அதிகம் பரவியிருக்கும் குழு. ஒரு கூட்டம் பெரும்பாலும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். வட்டமாக நாற்காலிகள். ஒருவர் தொடங்கி வைப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, குடியில் என்ன பட்டார், இப்போது எப்படி இருக்கிறார் என்று பேசுவார். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது “இன்னைக்குக் கேட்டுக்கிறேன்” என்றால் போதும். முழுப் பெயர், முகவரி கேட்பதில்லை. கட்டணம் கிடையாது, செலவுக்காக ஒரு பை சுற்றி வரும், விரும்பினால் போடலாம், புதிதாக வந்தவர் போட வேண்டியதே இல்லை. அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் பொது விதி.

முதல் கூட்டம் பிடிக்காமல் போவது சகஜம். ஆறு கூட்டமாவது, முடிந்தால் இரண்டு மூன்று வேறு வேறு குழுக்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய், முடிந்த பிறகு பத்து நிமிடம் இருந்து வாருங்கள். நாற்காலி அடுக்கும்போது பேசும் பேச்சில்தான் நட்பு உண்டாகிறது, நம்பரும் கிடைக்கிறது. கூட்டம் முடியும் நிமிடத்தில் கதவைத் தாண்டி ஓடுபவர்தான் பெரும்பாலும் மூன்றாம் வாரம் வராமல் போகிறார்.

கூட்டத்தால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

உண்டு. மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வு, 10,565 பேர் கலந்துகொண்ட 27 ஆராய்ச்சிகளை அலசியது. ஏ.ஏ.வில் சேர்ப்பதை முறையாகச் செய்த சிகிச்சையில் ஓராண்டு முடிவில் சுமார் 42 சதவீதம் பேர் முழுவதும் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் சுமார் 35 சதவீதம். ஆக, முயன்றும் முதல் ஆண்டில் சறுக்கியவர்கள் எந்த வழியிலும் பாதிக்கு மேல். நீங்கள் அதில் ஒருவர் என்றால் தனியாக நிற்கவில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

ஏ.ஏ.வில் மீள்வதற்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றும் 12 படிகளில் “நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்” என்று வரும். பலர் அந்த இடத்தில் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒட்டவில்லையென்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகளை வைத்து நடக்கிறது, கடவுள் பேச்சு இல்லை. பெண்களுக்கு மட்டுமான குழுக்கள் உண்டு, இணையவழிக் கூட்டங்களும் உண்டு. போதைப் பொருளுக்கு நார்கோட்டிக்ஸ் அனானிமஸ் 1953-இலிருந்து இயங்குகிறது.

ஸ்பான்சர் என்பவர் யார்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்கு முன்னால் அதே வழியில் நடந்து, படிகளை முடித்து, உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒப்புக்கொள்பவர். ஓராண்டுக்கு மேல் குடிக்காமல் இருப்பவராக, உங்களுக்குக் காதல் எண்ணம் வர இடமில்லாதவராக, போன் எடுப்பவராகப் பாருங்கள். நன்றாகப் பேசுகிறார் என்பதைவிட வீட்டில் எப்படி வாழ்கிறார் என்பது முக்கியம். அவர் மருத்துவர் இல்லை; மாத்திரையை நிறுத்து என்று சொன்னால் கேட்காதீர்கள். கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டவே வேண்டாம். ஒத்துவரவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

எட்டு மாதம் நன்றாக இருந்தேன். நேற்றுக் குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. எட்டு மாதத்தில் கல்லீரலும் மூளையும் தேறியது ஒரே இரவில் அழிந்துவிடாது. ஆபத்து அடுத்த எண்ணத்தில் இருக்கிறது: “கெட்டது கெட்டுப்போச்சு, இனி எதுக்கு.” ஒரு கிளாஸோடு நின்றிருக்க வேண்டியதை ஒரு மாதக் குடியாக்குவது அந்த எண்ணம்தான்.

இன்றே ஸ்பான்சரையோ குழு நண்பரையோ கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு தாளை எடுத்துக் குடித்த நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். யாருடன், எங்கே, அன்று காலை என்ன நடந்தது, முந்தின வாரம் கூட்டத்துக்குப் போனீர்களா, தூங்கினீர்களா? சறுக்கல் பாட்டிலைத் தொடும் முன்பே தொடங்கியிருக்கும். கூட்டத்தைத் தவறவிட்டது, போன் எடுக்காமல் இருந்தது, பழைய நண்பரை “சும்மா பார்க்க” போனது என்று அந்தத் தாளில் தெரியும். அந்த இடத்தில்தான் அடுத்த முறை தடுப்பு வைக்க வேண்டும்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு எடுத்தவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சில வாரம் விட்டிருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஓபியாய்டு அளவு மிஞ்சியதை முறிக்கும் நாலாக்சோன் மருந்தைக் கிடைக்கும் இடத்தில் வாங்கி வீட்டில் வையுங்கள், வீட்டாருக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள்.

என் கணவர் குடியை விட்டு இரண்டு மாதம். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்களைக் கவனியுங்கள். அவர் குடிக்கு நீங்கள் காரணம் இல்லை, அதை உங்களால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது. 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற குடும்பத்தார் குழுவில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். தினமும் வாயை முகர்வது, சட்டைப் பையைத் துழாவுவது இருவரையும் தேய்த்துவிடும். அதற்குப் பதில் வெளிப்படையாக ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மாத்திரையை உங்கள் முன்னால் சாப்பிடுவார், கூட்டத்துக்குப் போகும் மாலைகளில் வீட்டு வேலையை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், குடித்தால் எங்கே படுப்பார், வண்டிச் சாவி யாரிடம் இருக்கும் என்பது வரை பேசிவிடுங்கள். பழைய கதையை முதல் ஆறு மாதம் இழுக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. உங்கள் கோபம் நியாயமானது. அதைக் கொட்ட அல்-அனான் கூட்டம் இருக்கிறது. அவர் அடித்தால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது. குழந்தைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

சிகரெட்டையும் சேர்த்தே விடலாமா?

விடலாம். புகையை விட்டால் குடி திரும்பிவிடும் என்பது தவறான பயம். குடிநோயிலிருந்து மீண்டவர்களில் பலரைப் பிறகு கொண்டுபோவது புகையால் வரும் நோய்தான். மருத்துவரிடம் நிகோடின் பட்டை, சூயிங்கம் பற்றிக் கேளுங்கள்.

நான் இப்போது ஓராண்டைத் தாண்டிவிட்டேன். புதிதாக வந்த ஒருவர் இரவில் கூப்பிட்டு “குடிக்கப் போறேன்” என்கிறார். என்ன சொல்வது?

1935 மே மாதம், குடியை விட்டு ஐந்தாறு மாதமே ஆன பில் வில்சன் என்ற அமெரிக்கர், ஓஹியோவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் முகப்பில் தனியாக நின்றார். வந்த வியாபாரம் கைவிட்டுப் போயிருந்தது. மதுக்கூடத்தின் சத்தம் கேட்டது. அவர் அங்கே போகாமல் தொலைபேசிக்குப் போய், குடிநோயோடு போராடும் இன்னொருவரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இவர்கள் இருவரும்தான் ஏ.ஏ.வைத் தொடங்கியவர்கள். பாப் கடைசியாகக் குடித்ததாகக் கொள்ளப்படும் அந்த ஆண்டு ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. கூப்பிடுகிறவர், எடுக்கிறவர் இருவருக்கும் அந்த அழைப்பு மருந்து.

அதனால் போனை எடுங்கள். புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். “எங்க இருக்க தம்பி?” என்று கேளுங்கள். “கடை வாசல்ல நிக்கிறேண்ணா.” “சரி, பேசிக்கிட்டே நடக்கத் தொடங்கு. போனை வைக்காத. சாப்பிட்டியா?” பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார். வீட்டுக்குப் போகும்வரை பேசுங்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், நாளைக் காலை எத்தனை மணிக்கு நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று நேரம் சொல்லுங்கள். ஏற்கனவே குடித்திருந்தால் வாதம் வேண்டாம். வண்டி ஓட்டாமல் பார்த்துக்கொண்டு காலையில் பேசுங்கள். சாகப் போகிறேன் என்றாலோ, நடுக்கமும் குழப்பமும் தெரிந்தாலோ, அவர் வீட்டாருக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லுங்கள். நேரில் போவதானால் தனியாகப் போகாமல் குழுவிலிருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொன்ன நேரத்துக்குக் காலையில் கட்டாயம் கூப்பிடுங்கள். அவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.